ஒரே சார்ஜில் தீவுக்குப் போய்வந்த விவரம், அக்கா சொல்லும்படி

கடவுள் துணை.

அன்பும் அறிவும் நிறைந்த, பொறுமை மட்டும் சற்றே குறைந்த என் தம்பிக்கு, அக்கா ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் நான் வேண்டிக்கொள்வது ஒருநாளும் தவறியதில்லை. போன சனிக்கிழமை மட்டும் மாலைப் பிரார்த்தனை வீட்டில் நடக்காமல் கடலில் நடந்தது. அது ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அன்றைக்குப் படகில் யார் யார் இருந்தோம் என்பதை எழுதிவிடுகிறேன். நம் குடும்பத்தில் ஒரு விஷயம் நடந்தால் அங்கே இல்லாதவர்கள்தான் அதை அதிக விவரமாகச் சொல்கிறார்கள். ஒன்று, நான். இரண்டு, உன் மாமா. சுக்கான் அவர் கையில், வேகக் கைப்பிடியும் அவர் கையில், இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். மூன்று, அப்பாவின் தங்கை, நம் அத்தை. இவர் போகும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தார், வரும்போது முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார், ஆகவே கண்ணால் கண்ட சாட்சி என்று இவரைச் சொல்ல முடியாது. நான்கு, படகுக்கு மின்சார வேலை செய்து கொடுத்தவர். அவர் பெயர் அவர் அம்மாவுக்கே மறந்திருக்கும், படகுத்துறையில் எல்லாரும் ‘சரியாயிடும்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். கையில் வயர் புகைந்துகொண்டிருக்கும்போதும் அதையேதான் சொன்னார். இந்த நான்கு பேரோடு ஆண்டவன். ஆக ஐந்து. குப்பைப் படகுக்கார அம்மா பிறகு வந்து சேர்ந்தது, அது கணக்கில் வராது.

அத்தை உனக்குப் போன் செய்ததை நீ உன் மனைவியிடம் சொல்லி, அவள் என்னிடம் சொன்னாள். “படகு நடுக்கடல்ல நின்னுபோச்சுடா, குப்பையோட குப்பையா எங்களை இழுத்துட்டு வந்தாங்க, நாளைக்கே வித்துத் தொலைச்சிடு” என்றாராம். தம்பி, நடுக்கடல் என்பது சுத்தப் பொய். நம் துறையின் மஞ்சள் கட்டடம் நன்றாகத் தெரிந்தது, அதன் மாடியில் யாரோ துணி காயப்போட்டிருந்ததுகூடத் தெரிந்தது, சட்டையா போர்வையா என்பதுதான் தெரியவில்லை. குப்பையோட குப்பையா என்பதும் பொய். குப்பை முன்னால் போனது, நாங்கள் மரியாதையான தூரத்தில் பின்னால் போனோம். நடுவில் கயிறு இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை.

நீ போன கடிதத்தில் எழுதியது எனக்கு வரிக்கு வரி மனப்பாடம். “அக்கா, பாய் விரிக்காமல், ஒரே சார்ஜில், தீவு வரைக்கும் போய் நம் துறைக்கே திரும்பி வந்து காட்டுங்கள். காட்டிவிட்டால் என் பாதியை நான் விற்கவில்லை. இல்லையென்றால் வாங்குவதற்கு ஆள் தயார், இரண்டு பாதியையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்” என்று எழுதியிருந்தாய். நியாயமான பேச்சுதான். ஆனால் உனக்கு அது பாதிப் படகு, எங்களுக்கு அது முழுப் பிழைப்பு. உன் மாமா தையல் கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டார். தீவில் பறவைகள் கூடு கட்டுகிற கரைக்கு டீசல் படகு வரக்கூடாது என்று துறை அலுவலகம் உத்தரவு போட்ட அன்றைக்கே, சத்தம் போடாத படகு ஒன்று இருந்தால் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வரலாம், அது நம்முடையதாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்து, இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பேட்டரியும் மோட்டாரும் வைத்தோம். படகு போய்விட்டால் உன் மாமா வீட்டில்தான் உட்கார வேண்டும். வீட்டில் உட்கார்ந்த உன் மாமாவை நீ பார்த்ததில்லை. ஒருதரம் காலில் அடிபட்டுப் பத்து நாள் உட்கார்ந்தார். என் தலையணை உறை, திரைச்சீலை, கால்மிதி எல்லாவற்றுக்கும் காலர் வைத்துத் தைத்துவிட்டார். இன்றைக்கும் குளித்துவிட்டு வந்து காலர் வைத்த கால்மிதியில்தான் காலைத் துடைக்கிறேன். அதனால்தான் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிற மாதிரி இதை எழுதுகிறேன்: விற்காதே. ஏன் விற்கக்கூடாது என்பதற்கு நான் கண்ணீர் விடப்போவதில்லை, கணக்குச் சொல்லப்போகிறேன்.

நீ படித்தவன். உனக்கு வோல்ட், ஆம்பியர் எல்லாம் பாடத்தில் வந்திருக்கும். எனக்கு அவை மின்சார பில்லோடுதான் வந்தன, மிச்சத்தை நூலகத்துப் புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். பேட்டரிப் பெட்டியின்மேல் நாற்பத்தெட்டு வோல்ட், இருநூறு ஆம்பியர் மணி என்று அச்சடித்திருந்தது. உன் மாமா அதைப் படித்துவிட்டு, “பாத்தியா, இருநூறு மணி நேரம் ஓடுமாம்! தீவு என்ன தீவு, உலகத்தையே ஒரு சுத்துச் சுத்தலாம்” என்றார். ‘சரியாயிடும்’ தலையைச் சொறிந்துகொண்டு, “அண்ணே, அது அப்படி இல்ல, ஆனா சரியாயிடும்” என்றார். நான் இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தேன். ஒன்பதரை யூனிட்டும் கொஞ்சமும் வந்தது. அடக் கடவுளே, இவ்வளவு பெரிய பெட்டிக்குள்ளே இருப்பது நம் வீட்டுக்கு மூன்று நாள் விளக்குக்கும் விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் ஆகிற மின்சாரம்தான்! அதைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள், அதில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, ‘சரியாயிடும்’தான் அது, இன்னும் சரியாகவில்லை. ஆனால் நான் மனம் தளரவில்லை தம்பி. டீசல் என்றால் தீர்ந்தால் கேனில் வாங்கி ஊற்றுவோம். பேட்டரி அப்படி இல்லை, அது மாதச் சம்பளம் மாதிரி, ஒன்றாம் தேதி வந்ததை வைத்துக்கொண்டு முப்பதாம் தேதி வரை ஓட்டியாக வேண்டும், நடுவில் கடலில் கைமாற்றுக் கொடுக்க யாரும் இல்லை. அந்த வித்தை எனக்குத் தெரியாதா? கல்யாணமானதிலிருந்து அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

பிறகு வேகம் பார்த்தோம். துறைக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி, நான் மீட்டரைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டேன். நான்கு மைல் வேகத்தில் போனால் மணிக்கு இரண்டு யூனிட் செலவு. கடல் மைல்தான், ஊர் மைல் இல்லை. “ஐந்தரை வேகத்துல போனா எவ்வளவு ஆகும், சொல்லுங்க பாப்போம்” என்று உன் மாமாவைக் கேட்டேன். “ரெண்டே முக்கால்” என்றார், துணி கிழிக்கிற மாதிரி யோசிக்காமல். மீட்டர் ஐந்தையும் தாண்டிக் காட்டியது. அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். தட்டினால் குறைய அது என்ன கடிகாரமா? வேகத்தைக் கால் பங்கு கூட்டினாலே செலவு இரட்டிப்பாகிவிடுகிறது, தம்பி. தண்ணீர் எல்லாருக்கும் வழிவிடும், ஆனால் அவசரக்காரனிடம் கூலி அதிகமாகக் கேட்கும். தீவு ஏழு மைல், போக வரப் பதினான்கு. நான்கு மைல் வேகத்தில் நிதானமாகப் போய் வந்தால் ஏழு யூனிட் போகும், இரண்டரை யூனிட் மிச்சம் நிற்கும். இதற்கு மேல் என்ன வேண்டும்? எதிர்க்காற்று வந்தாலும் சமாளிக்கலாம். அன்றைக்கே உனக்கு ‘ஜெயித்துவிட்டோம்’ என்று எழுத உட்கார்ந்தேன், உன் மாமாதான், “ஓட்டிக் காட்டிட்டு எழுது” என்றார். அதை அவர் சொன்னதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இந்த இடத்தில் ஒரு வீட்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. என் சமையலறை உனக்குத் தெரியும். அரிசி டின் காலி என்றால் அதற்குக் கீழே இன்னொரு டின் இருக்கும். சர்க்கரை இல்லை என்றால் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். ‘தீர்ந்துபோச்சு’ என்று நான் சொன்னால், ‘இனிமேல் பார்த்து எடுங்கள்’ என்று அர்த்தம். இப்படி இல்லாமல் எந்தக் குடும்பமும் கரையேறியதில்லை. அதே நல்ல எண்ணத்தோடுதான், பேட்டரி வந்த புதிதில் ‘சரியாயிடும்’மைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும்போதே மீட்டர் பூஜ்யம் காட்டட்டும் என்று சொல்லி அப்படி வைத்துவிட்டேன். உன் மாமாவிடம் சொல்லவில்லை, கேட்டால் சொல்லியிருப்பேன். இரண்டு மாதம் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் தனியாக ஓட்டப் போனவர், மீட்டர் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் படகு பாட்டுக்குப் போவதைப் பார்த்து, துறையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தார். நேரே சமையலறைக்குப் போய் அரிசி டின்னைத் தூக்கி அதற்குக் கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு காபி கேட்டார். அவ்வளவுதான்.

உன் பரீட்சை நாள் நெருங்கியபோது எனக்கு மனசு உறுத்தியது. வீட்டுக்காரருக்கு ஒரு கணக்கு இருக்கலாம், கூடப்பிறந்தவனுக்குக் கொடுக்கிற கணக்கில் ஒளித்துவைத்த டின் இருக்கக்கூடாது. முதல் நாளே ‘சரியாயிடும்’மை வரவழைத்து மீட்டரை உள்ளது உள்ளபடி காட்டும்படி மாற்றிவிட்டேன். இந்தத் தடவை உன் மாமாவிடமும் நேருக்கு நேராகவே சொன்னேன்.

“என்னங்க, மீட்டரை மாத்தியாச்சு. இனிமே பூஜ்யம்னா பூஜ்யம்தான்.”

“ம்.”

“அடியில ஒண்ணும் இல்ல.”

“சரி சரி” என்று சொல்லி, என்னைப் பார்த்துச் சிரித்தார் பார், பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அப்படிச் சிரித்ததில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பேட்டரி நூற்றுக்கு நூறு. கடல் தட்டில் ஊற்றின பால் மாதிரி. பாய் எங்கே என்று கேட்டேன். “பாய் விரிக்காமன்னுதானே உன் தம்பி எழுதினான்? பாயே இல்லாமப் போனா எவன் என்ன சொல்ல முடியும்? ஓரம் பிரிஞ்சிருக்கு, தைக்கலாம்னு கழட்டி வீட்டுல போட்டுட்டேன்” என்றார். அப்போது எனக்கும் அது நேர்மையாகத்தான் பட்டது. அத்தையை எதற்குக் கூட்டிப் போனோம் என்று நீ கேட்பாய். நீ நம்புகிற மாதிரி ஒரு பெரியவர் சாட்சி வேண்டும் என்று நான்தான் போய் அழைத்து வந்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். புறப்படும்முன் எல்லாரும் கண்ணை மூடி வேண்டிக்கொண்டோம். மற்றவர்கள் திறந்தார்கள், அத்தை திறக்கவில்லை.

துறை வாயைத் தாண்டியதும் அத்தைக்கு வயிற்றைப் புரட்டியது. நான் கீழே அறைக்குக் கூட்டிப்போய் எலுமிச்சையை நறுக்கி மூக்கில் வைத்து, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே என்ன நடந்தது என்பதைப் பிறகு ‘சரியாயிடும்’ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் நான்கு மைல் வேகத்தில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மீன்பிடிப் படகு எங்களைத் தாண்டியதாம். அதிலிருந்த ஒருவன், “என்ன அண்ணே, இறங்கித் தள்ளட்டுமா?” என்று கேட்டானாம். உன் மாமா கைப்பிடியை முன்னால் தள்ளினாராம். மீன்பிடிப் படகைத் துரத்தி, அது கண்ணுக்கு மறைந்த பிறகும் அதே வேகத்தில் போயிருக்கிறார். டீசலாக இருந்திருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்திருக்கும். இது பூனை மாதிரி ஓடுகிறது, அறைக்குள் இருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அத்தை நெற்றியை விட்டுவிட்டு மேலே வந்து பார்த்தால் தீவு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது, பறவைகள் பாறை முழுக்க வெள்ளை வெள்ளையாக உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுகூட எழும்பவில்லை, அவ்வளவு அமைதி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது தம்பி. உன் மாமாவும் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஒரு தாய்ப் பறவை எங்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் யாரோ நம் ஆள்தான் என்கிற மாதிரி மறுபடி அலகைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் மீட்டரைப் பார்த்தேன்.

மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

“என்னங்க இது? பாதிக்கு மேல இருக்கணுமே!”

“சீக்கிரம் வந்துட்டோம் பாத்தியா?”

“மூணு யூனிட்தாங்க இருக்கு. திரும்பிப் போகவே மூணரை வேணும், அதுவும் ஊர்ந்து போனா.”

“உன் மூணுக்கு அடியில இன்னொரு மூணு இருக்குமே.”

“இல்லங்க! நேத்துதானே சொன்னேன், மாத்தியாச்சுன்னு!”

“முப்பது வருஷமா இதைத்தான் கேக்குறேன்.”

“இன்னிக்கு நெஜமாச் சொல்றேன்.”

“சர்க்கரைக்கும் நெஜமாத்தான் சொன்ன.”

சர்க்கரைக்கு நான் வாயைத் திறந்து சொல்லவில்லை தம்பி, தலையை மட்டும்தான் ஆட்டினேன், ஆண்டவனுக்குத் தெரியும். ‘சரியாயிடும்’ குறுக்கே வந்து, “அண்ணே, அக்கா சொல்றது உண்மை, நான்தான் மாத்தினேன்” என்றார். உன் மாமா அவர் தோளைத் தட்டி, “உன்னையும் சொல்லவெச்சுட்டாளா? பாவம்டா நீ” என்றார். தீவில் கலங்கரை விளக்கத்துக்காரர் வீட்டுச் சுவரில் ஒரு பிளக் இருந்தது. அதில் செருகிவிட்டு ராத்திரி வரை உட்கார்ந்திருந்தால் வந்து சேர்ந்திருப்போம். ஆனால் ஒரே சார்ஜ் என்று நீ எழுதியிருந்தாயே! உன் வார்த்தையை மதித்துத்தான் நானும் பேசாமல் ஏறினேன். வேகக் கைப்பிடியை மட்டும் என் கையில் வாங்கிக்கொண்டேன். காற்று கொஞ்சம் பின்னாலிருந்து தள்ளினால், அலை கொஞ்சம் இரக்கம் காட்டினால், கணக்கில் குறைகிற அரை யூனிட்டை ஆண்டவன் போட்டுக்கொள்வார் என்று நம்பினேன். நம்பிக்கையில் குறையில்லை. காற்று அன்றைக்கு வேறு யாருக்கோ உதவப் போயிருந்தது.

மீட்டர் பத்து காட்டியது, ஐந்து காட்டியது. நான் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். உன் மாமா விசிலடித்துக்கொண்டே வந்தார்.

“பூஜ்யம் காட்டுதுங்க.”

“காட்டட்டும்.”

“இது நெஜப் பூஜ்யம்.”

“உன் பூஜ்யத்துல நாலு பேர் வயிறார சாப்பிடலாம்” என்றார்.

தம்பி, டீசல் படகு நின்றால் இருமிக்கொண்டு நிற்கும், ஊருக்கே தெரியும். மின்சாரப் படகு ஓடும்போதும் சத்தம் இல்லை, நின்றாலும் சத்தம் இல்லை. ஆகவே அது நின்றுபோனது எங்களில் ஒருவருக்கும் கொஞ்ச நேரம் தெரியவே இல்லை. உன் மாமா சுக்கானை அழகாகப் பிடித்துக்கொண்டு வழிகாட்டிக்கொண்டிருந்தார். அத்தைதான் துண்டை ஓரமாக விலக்கிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அந்த மஞ்சக் கட்டடம் ரொம்ப நேரமா அங்கேயே நிக்குதே?” என்றார். உன் மாமா என் கையிலிருந்து கைப்பிடியை வாங்கி முன்னால் தள்ளினார், பின்னால் தள்ளினார். குனிந்து பேட்டரிப் பெட்டியைப் பார்த்தார். பெட்டிக்குக் கீழே பார்த்தார். கீழே இன்னொரு டின் இல்லை.

“நெஜமாவா?” என்று கேட்டார்.

“நெஜமா” என்றேன்.

“நெஜம்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?” என்றார். இதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? நீயே சொல்.

அத்தை அப்போது பேச ஆரம்பித்தவர்தான், கரை வரும்வரை நிறுத்தவில்லை. “பாய்மரம் இருக்கு, பாய் இல்ல! பேட்டரி இருக்கு, கரண்டு இல்ல! மாப்பிள்ளை இருக்கார், மூளை இல்ல!” என்று ஆரம்பித்து நம் தாத்தா காலம் வரைக்கும் போய்விட்டார். ‘சரியாயிடும்’ வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டி அடக்கிவிட்டேன். மாலைப் பிரார்த்தனைக்கு நேரமாகிவிட்டது, இங்கேயே செய்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். முடிக்கும்முன்பே, துறையில் மிதக்கிற குப்பையை அள்ளுகிற படகு எங்கள் பக்கமாக வந்தது. ஆண்டவன் பெரிய கப்பலை அனுப்பியிருக்கலாம், ஆனால் யாருக்கு எதை அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஓட்டி வந்தது ஒரு அம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தது.

“என்ன, காத்து வாங்குறீங்களா?”

“இல்லம்மா, நின்னுபோச்சு” என்றார் உன் மாமா.

“பாயை விரிக்க வேண்டியதுதானே?”

“தைக்கப் போட்டிருக்கு.”

“இன்ஜின்?”

“எடுத்தாச்சு.”

“அப்ப எதுலதான் வந்தீங்க?”

“பேட்டரி. தீர்ந்துடுச்சு.”

அந்த அம்மா கயிற்றை எடுத்து வீசி, “சரி, மிதக்குறதை அள்ளுறதுதானே என் வேலை, கயித்தைப் பிடிங்க” என்றது. நல்ல மனசு. வழியெல்லாம் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாலும், அவிழாமல் முடிச்சுப் போட்டிருந்தது.

இதுதான் நடந்தது, ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இப்போது நீ நிதானமாக யோசித்துப் பார். கடைசி ஒரு மைல்தான் குறைந்தது. போகும்போது உன் மாமா ஐந்தரை வேகத்தில் போனதால் அந்த ஏழு மைலுக்கே ஆறரை யூனிட்டுக்கு மேல் கரைந்துவிட்டது. வரும்போது நான் நான்கு வேகத்தில் ஓட்டி மூன்று யூனிட்டில் ஆறு மைல் இழுத்திருக்கிறேன். நான் துறையில் உட்கார்ந்து போட்ட கணக்கும் கடல் காட்டிய கணக்கும் ஒரு கைப்பிடிகூட வித்தியாசமில்லாமல் பொருந்தியிருக்கின்றன. ஆக, பேட்டரி அதன் வாக்கைக் காப்பாற்றிவிட்டது. கணக்கும் ஜெயித்துவிட்டது. தோற்றது எங்கள் கல்யாணம் மட்டும்தான், அதை நாங்கள் வீட்டுக்குள் பார்த்துக்கொள்கிறோம். அதற்காகப் படகை விற்பது, சமையல்காரர் உப்பைக் கொட்டிவிட்டார் என்று அடுப்பை விற்கிற மாதிரி.

இன்னொரு சந்தர்ப்பம் கொடு என்று கேட்கிறேன், அவ்வளவுதான். நீயே நேரில் வா. உன் மாமா சுக்கானைப் பிடிக்கட்டும், கைப்பிடி என் கையில் இருக்கட்டும், நீ நடுவில் உட்கார்ந்து மீட்டரைப் பார். என் பூஜ்யத்தை இனி நம்புவதாக உன் மாமா ஒத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது போதாது, உன் முன்னால் சொல்ல வைக்கிறேன். அத்தையை மட்டும் இந்தத் தடவை கரையிலேயே விட்டுவிடலாம். படகு என்றால் அவருக்கு ஆகாது, மனசும் வயிறும் ரெண்டும் ஒத்துழைக்காது, அவர் சொல்வதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அதுவரை வாங்க வந்தவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளைத் தலையைத் தடவி நான் விசாரித்ததாகச் சொல். உன் முதுகுவலி குறைந்து, உன் கோபமும் குறைந்து, உன் வீட்டில் எல்லா டின்னும் எப்போதும் நிறைந்திருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் பாதிக்கும் சேர்த்துப் படகைத் துடைத்து வைத்திருக்கும்,
அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகிற நேரத்தில் அத்தை வந்துவிட்டார். “என்னைப் பத்தி எழுதியிருக்கியாமே, படி பாப்போம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் பொய் சொல்ல வராது, மேலே உள்ளது அத்தனையும் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், “கண்ணை மூடிட்டிருந்தேனா? சரி, வாடி, இன்னிக்குத் திறந்துட்டு வர்றேன்” என்று எழுந்துவிட்டார். உன் மாமா நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். துறை வாயிலேயே, “உன் கையையும் நம்பமாட்டேன்” என்று வேகக் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டார். பயத்தில் மூன்றரை மைலுக்கு மேல் ஒரு இழை தள்ளவிடவில்லை. ஒரு மீன்பிடிப் படகு தாண்டியது, அதிலிருந்தவன் ஏதோ கேட்டான். “போய் உன் வேலையைப் பாருடா” என்றார் அத்தை, கைப்பிடி அசையவில்லை. தீவைத் தொட்டு, பறவையைப் பார்த்து, ஒரே சார்ஜில், பாய் இல்லாமல் (அது இன்னும் தையல் மிஷினில்தான் இருக்கிறது), நம் துறையில் அதே கம்பத்தில் வந்து கட்டினோம். பேட்டரியில் நூற்றுக்கு நாற்பத்துநான்கு மிச்சம். உன் மாமா கரையில் நூல்கண்டோடு நின்றுகொண்டிருந்தார். மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “நெஜமா?” என்றார். அத்தைதான் பதில் சொன்னார், அதை எழுத முடியாது.

ஆகவே, தம்பி, அத்தையைப் பற்றி மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. நீ வந்து மீட்டரைப் பார்க்க வேண்டாம். உன் மாமா உன் முன்னால் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். கைப்பிடி இனி அத்தையுடையதாம், அவரே சொல்லிவிட்டார். சுக்கான் எனக்கு. உன் மாமாவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிற வேலை, அதற்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார். நீ கேட்டது நடந்துவிட்டது. உன் பாதியை விற்கவில்லை என்று ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுது.